பாப்பா வெம்பா ஒருவரா, இருவரா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது, "பாப்பா வெம்பாவை எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்கலாம்?" என்பதுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் அதன் கீழே எழுதியிருக்கும் வரிகளையும் சேர்த்துப் படித்தால் உங்கள் கேள்வி வேறு. காங்கோப் பாடகரான அவருடைய 'எமோஷன்' ஆல்பம் உங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அதே ஆள் காங்கோத் தலைநகர் கின்ஷாசாவில் பாடிய காணொளிகளைத் தேடிப் பார்த்தால் கிட்டார் விடாமல் சுற்றிச் சுற்றி வருகிறது, நடுவில் ஒருவர் யார் யார் பெயரையோ கத்துகிறார், ஆடுகிறவர்கள் நெற்றியில் பார்வையாளர்கள் பண நோட்டை ஒட்டுகிறார்கள். போதாக்குறைக்கு, விசா வழக்கில் சிறைக்குப் போனவர் என்றும் எங்கோ படித்துவிட்டீர்கள். இதில் எது நிஜமான பாப்பா வெம்பா, வெள்ளைக்காரச் சந்தைக்காகத் தன்னை விற்றுக்கொண்டவரா அவர் என்பதே உங்கள் சந்தேகம் என்று புரிந்துகொள்கிறேன்.

நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கிட்டார் வாசிப்பவன். பாரிஸில் இருந்த காலத்தில் காங்கோக்காரர்களின் சிறிய குழுக்களில், கல்யாணம், ஞானஸ்நானம், சங்க விழா என்று கிடைத்த மேடையில் எல்லாம் ரிதம் வாசித்திருக்கிறேன். லா ஷாப்பெல் தமிழ்க் கடைகளிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஷாத்தோ ரூஜ் வந்துவிடும். மரவள்ளி இலையும் கருவாடும் விற்கும் அந்தத் தெருக்களில்தான் காங்கோ கேசட்டுகளும் கிடைக்கும். அங்கே தொற்றிக்கொண்ட பழக்கம் இது. லிங்காலா மொழி எனக்கு மேடையில் சமாளிக்கும் அளவுக்குத்தான் வரும். அதனால் பாடல் வரிகளின் நயம் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது, குழு எப்படி நடக்கிறது, காசு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியெல்லாம் ஓரளவு தைரியமாகப் பேசலாம்.

சுருக்கமான பதில்: அவரைப் பாடகர் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் குழப்பம் தீராது. அவர் ஒரு குழுவின் தலைவர். கின்ஷாசாவில் பாடகனின் பேரும் பிழைப்பும் குழுவை வைத்துத்தான். பத்து இருபது இளைஞர்களுக்கு மேடையும் சோறும் தர வேண்டியவன் எடுக்கும் முடிவுகள், தனியாகப் பாடி ராயல்டி வாங்குகிறவன் எடுக்கும் முடிவுகளைப் போல இருக்காது. அவருடைய உடை, பாட்டுக்குள் கத்தப்படும் பெயர்கள், இரண்டு விதமான ஆல்பங்கள், கடைசியில் அந்த வழக்கு, இவை எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

பிறந்தது 1949 ஜூன் 14-இல், அன்றைய பெல்ஜியக் காங்கோவின் கசாய் பகுதியில் உள்ள லுபெஃபுவில். இயற்பெயர் ஷுங்கு வெம்பாடியோ. தெத்தெலா இனம், காங்கோவின் முதல் பிரதமர் பாத்ரிஸ் லுமும்பாவும் அதே இனத்தவர்தான். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் தலைநகருக்கு வந்துவிட்டது. அப்பா பட்டாளத்தில் இருந்தவர். அம்மா இழவு வீடுகளில் ஒப்பாரி பாடுவதையே தொழிலாகக் கொண்டவர். பிற்பாடு பேட்டிகளில் தன் முதல் ஆசிரியர் அம்மாதான் என்று வெம்பா சொல்லிக்கொண்டே இருந்தார். கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவிலும் பாடியிருக்கிறார். அவர் குரலைப் பற்றி எழுதுகிற எவரும் இந்த இரண்டையும் சொல்லாமல் விடுவதில்லை. எனக்கும் அது சரியென்றே படுகிறது. உச்சத்தில் போய் அலுங்காமல் நிற்கும், லேசாக மூக்கால் ஒலிக்கும், இறங்கும்போது விம்மி இறங்கும். பிரமாதமான ஆட்டப் பாட்டின் நடுவிலும் அந்தக் குரலில் ஒரு துக்கம் இருக்கும்.

அவர் வருவதற்கு முன்பே காங்கோவில் ரும்பா என்ற ஆட்ட இசை பெரிய ராஜ்யம். கியூபா இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்து, அதை லிங்காலாவில் தங்களுடையதாக ஆக்கிக்கொண்ட தலைமுறை அது. 1960-இல் சுதந்திரப் பேச்சுவார்த்தை நடந்தபோது பிரஸ்ஸல்ஸில் 'இண்டிபெண்டென்ஸ் சா சா' பாடிய ஜோசப் கபசெலே, பிறகு ஃபிராங்கோ, தபு லே ரோஷ்ரோ என்று ஜாம்பவான்கள் இருந்தார்கள். டிரம்பெட், சாக்ஸஃபோன் வரிசை, மிடுக்கான உடை, நிதானமான நடை. 1969 டிசம்பரில் கின்ஷாசாவின் மத்தோங்கே பகுதியில் ஸைக்கோ லங்கா லங்கா என்ற குழு தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் படித்துக்கொண்டிருந்த பையன்கள். வெம்பாவுக்கு இருபது வயது. அப்போது அவருடைய மேடைப் பெயர் ஜூல்ஸ் பிரெஸ்லி. எல்விஸ் பித்து யாரைத்தான் விட்டது.

ஸைக்கோ செய்த முக்கியமான காரியம், ஊதுகருவிகளை எடுத்துவிட்டது. அதற்குக் கலைக் காரணம் எவ்வளவு, காசில்லாத காரணம் எவ்வளவு என்று இன்றும் வாதம் நடக்கிறது. இரண்டும் உண்டு என்பது என் எண்ணம். ஊதுகருவிகள் போன இடத்தில் கிட்டார்கள் முன்னுக்கு வந்தன. ஸ்னேர் டிரம் முதுகில் தட்டி எழுப்புவது போல ஒலிக்க ஆரம்பித்தது. முன்வரிசையில் ஒரு நட்சத்திரத்துக்குப் பதிலாக நான்கைந்து பாடகர்கள் ஒன்றாக நின்றார்கள். டிரம்மர் மெரிஜோ பெலோபி ரயில் ஓடும் சத்தத்திலிருந்து அந்த விரைந்த தாளத்தைப் பிடித்தார் என்று ஸைக்கோக்காரர்கள் கதை சொல்வார்கள். கதைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் தாளம் பரவியதை யார் வேண்டுமானாலும் காதால் சரிபார்க்கலாம்: எழுபதுகளின் நடுவிலிருந்து கென்யா வரை அது கேட்கிறது. அந்தக் காலத்து வெம்பா பாட்டு வேண்டுமென்றால் 'ஷுஷுனா'வைத் தேடுங்கள்.

உங்களை மிரட்டிய அந்த நீளத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். காங்கோப் பாட்டில் முதல் பாதி மெதுவானது. பாட்டு என்று நாம் நினைப்பது அதுதான்: சரணங்கள் வரும், இரண்டு மூன்று குரல்கள் ஒட்டிக்கொண்டு பாடும், காதல் புலம்பல் இருக்கும். அப்புறம் ஒரு இடத்தில் டிரம்ஸ் நடையை மாற்றும், பாடகர்கள் ஒதுங்குவார்கள், கிட்டார்கள் மட்டும் மேலேறும். அந்தப் பகுதிக்கு செபென் என்று பெயர். ஆட்டம் அங்கேதான். மேற்கத்திய ரேடியோ காதால் கேட்டால் பாட்டு முடிந்த பிறகும் தேவையில்லாமல் இழுப்பது போலத் தோன்றும். கின்ஷாசாக்காரருக்கு முதல் பாதி செபெனை நோக்கிப் போகிற பாதை. அங்கே போய்ச் சேராத பாட்டு அவருக்கு அரைப்பாட்டு. செபெனில் சுரங்கள் குறைவு. மூன்று சுரக்கூட்டுகள் (கார்டு) போதும். சுவாரஸ்யம் மூன்று கிட்டார்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்வதில் இருக்கிறது. கீழே ரிதம், மேலே சோலோ, நடுவில் மி-சோலோ என்று ஒன்று. இந்த நடுக் கிட்டார்தான் காங்கோவின் தனிச்சொத்து. சிலர் நாலாவது கம்பியை எடுத்துவிட்டு மெல்லிய கம்பியைக் கட்டி ஒரு ஸ்தாயி மேலே சுருதி வைப்பார்கள். அப்போது அது சோலோவா ரிதமா என்று சொல்ல முடியாத ஒரு மினுமினுப்பு வரும்.

வாசித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒரே நான்கு மாத்திரை வடிவத்தை நிறுத்தாமல், வேகம் கூடாமல் குறையாமல், எட்டு நிமிடம் வாசிப்பது ஒரு வேகமான தனிவாசிப்பைவிடக் கடினம். விரலுக்கு முன் மனசு சலித்துவிடும். ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே வாசித்தால் சலிப்பு வராது. வீட்டில் உட்கார்ந்து ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு அந்த உதவி இல்லை. அதனால் உங்களுக்கு அலுத்தது உங்கள் ரசனைக் குறைவு அல்ல.

சரி, குழு விஷயம். கின்ஷாசாக் குழுக்கள் உடைவது இயல்பு, உடையாதிருப்பதுதான் அதிசயம். 1974-இல் எவொலோக்கோ, மவுவேலா, போஸி போஸியானா ஆகியோருடன் வெம்பா ஸைக்கோவை விட்டு வெளியேறி இஸிஃபி லொகொலே தொடங்கினார். அடுத்த வருடம் 'அமஸோன்' வெற்றி பெற்றது. அந்த வருடமே அதுவும் பிளந்து யோக்கா லொகொலே பிறந்தது. 1977 தொடக்கத்தில் தன்னுடைய சொந்தக் குழுவான வீவா லா மூசிக்காவை அமைத்தார். பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு: 1974-இல் முகமது அலி, ஜார்ஜ் ஃபோர்மன் குத்துச்சண்டையை ஒட்டிக் கின்ஷாசாவில் நடந்த இசை விழாவுக்கு நியூயார்க்கிலிருந்து ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் சல்சாக் குழு வந்தது. அதன் ஜானி பச்சேக்கோ மேடையில் எழுப்பிய முழக்கம்தான் அது என்பார்கள். 'மேர் சுப்பீரியர்' போன்ற பாடல்களுடன் வீவா முதல் வருடத்திலேயே நகரத்தைப் பிடித்துக்கொண்டது. ரீகோ ஸ்டார், போங்கோ வெண்டே போன்ற கிட்டார்காரர்கள் தொடக்க காலத்தில் அங்கே வாசித்தவர்கள். அந்தப் பதிவுகளில் ஒலித்தரம் மோசமாக இருக்கும், ஆனால் வாசிப்பில் ஒரு பசி தெரியும்.

வீவா வெறும் குழுவாக இருக்கவில்லை. மத்தோங்கேயில் தன் வீட்டைச் சுற்றியிருந்த தெருக்களை 'மோலொகாய் கிராமம்' என்று அறிவித்து, தன்னை அதன் தலைவராக அறிவித்துக்கொண்டார் வெம்பா. தலைவருக்குரிய தொப்பியும் அலங்காரமும்கூட உண்டு. மசிமனிம்பா, ஓஷ்வே, லொகொலமா, கண்ட கண்ட, இன்ஸியா என்ற ஐந்து தெருக்களின் முதல் எழுத்துகள் சேர்ந்தது அந்தப் பெயர். வேலையில்லாத பையன்கள் வந்து உட்காருவார்கள், ஒத்திகை பார்ப்பார்கள், குரல் நன்றாக இருப்பவன் மெல்ல முன்வரிசைக்கு வருவான். அவர் எழுப்பியவற்றில் நிலைத்தது இதுதான் என்பேன். கிங் கெஸ்டர் எமெனேயா அங்கிருந்து வளர்ந்து 1982-இல் பிரிந்து விக்டோரியா எலெய்சோன் அமைத்தார். வீவாவுக்குப் பாட்டு எழுதித் தந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவர்தான் கொஃபி ஒலோமிடே. பின்னாளில் கொஃபியின் குவார்த்தியே லத்தான் குழுவிலிருந்து ஃபாலி இப்பூப்பா வந்தார். இன்று நீங்கள் கேட்கும் காங்கோ நட்சத்திரங்களில் பலருடைய பரம்பரையைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் அந்தத் தெருக்களில் போய் நிற்கும். 1996-இல் வெம்பாவும் கொஃபியும், குருவும் சிஷ்யருமாகச் சேர்ந்து 'வேக் அப்' என்ற ஆல்பம் செய்தார்கள். யார் பெரியவர் என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டது தனிக் கதை.

பாட்டுக்குள் கத்துகிறவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த வேலை செய்பவரை அத்தலாக்கு என்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஸைக்கோ இதை நிலைநிறுத்தியது, மற்றவர்கள் பின்பற்றினார்கள். செபெனில் ஆட்டக்காரர்களுக்கு அடுத்த அசைவைச் சொல்வது, கூட்டத்தை ஏற்றிவிடுவது அவர் வேலை. அதோடு பெயர்களையும் கத்துவார். வியாபாரி, அரசியல்வாதி, வெளிநாட்டில் சம்பாதிக்கும் பையன் என்று யார் யாரோ வருவார்கள். இவை பெரும்பாலும் காசு வாங்கிக்கொண்டு சேர்க்கும் பெயர்கள். நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த, வெட்கப்படாத வழக்கம். கள்ளக் கேசட் மலிந்து, பதிப்புரிமைப் பணம் ஒழுங்காகக் கைக்கு வராத ஊரில் குழுவுக்குச் சம்பளம் போட வேறு வழி அதிகம் இல்லை. கலை கெட்டுப்போயிற்று என்று விமர்சகர்கள் புலம்புவது நியாயம்தான். சில ஆல்பங்களில் பாட்டைவிடப் பெயர்ப் பட்டியல் நீளம். வெம்பாவும் இதற்கு விலக்கல்ல.

உடை விவகாரத்தில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். 'லா சாப்' என்னும் அலங்காரக் கூட்டத்தை அவர்தான் தொடங்கினார் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அது தவறு. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பிராஸாவில்லில் அதன் வேர்கள் காலனி காலத்துக்கே போகின்றன. கின்ஷாசாவில் அதை ஒரு தலைமுறையின் மோகமாக ஆக்கியவர் அவர், அதில் சந்தேகமில்லை. பாரிஸ், இத்தாலி வடிவமைப்பாளர்களின் பெயர்களைப் பாட்டிலேயே சொன்னார், பிறகு ஜப்பானிய யோஜி யமமோத்தோ பக்கம் சாய்ந்தார். சர்வாதிகாரி மொபுட்டுவின் ஆட்சியில் எழுபதுகளில் கோட்டும் டையும் தடை, அபகோஸ்ட் என்ற கழுத்து மூடிய சட்டைதான் அரசாங்க உடை. அந்தச் சூழலில் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஐரோப்பிய உடை போட்டுக்கொண்டு மேடையேறியதை மௌனமான எதிர்ப்பு என்று ஆய்வாளர்கள் சிலர் வாசிக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அவர் ஆட்சியை நேராக எதிர்த்துப் பாடிக்கொண்டிருந்தவர் அல்ல. சுத்தமாக உடுத்து, நன்றாக முடி வெட்டிக்கொள் என்று வறுமையில் இருந்த பையன்களுக்குத் தன்மானம் கற்றுத்தந்தார் என்பது ஒரு பக்கம். சாப்பாட்டுக் காசை ஷூவில் போட வைத்தார் என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் சொல்லும் காங்கோக்காரர்களை எனக்குத் தெரியும், சில சமயம் ஒரே ஆள் இரண்டையும் சொல்வார்.

எண்பதுகளில் அவர் பாரிஸுக்குப் போக வரத் தொடங்கி, தசாப்தத்தின் நடுவில் அங்கேயே தங்கினார். 1986-இல் ஜப்பானில் சுற்றுப்பயணம் நடந்தது. 1987-இல் 'லா வீ எ பெல்' திரைப்படம் வந்தது. முவேஸே ங்கங்குராவும் பெனுவா லமியும் இயக்கியது. இசைக் கனவோடு கிராமத்திலிருந்து கின்ஷாசாவுக்கு வரும் இளைஞனாக அவர் நடித்தார். நடிப்பு பரவாயில்லை ரகம், ஆனால் எண்பதுகளின் கின்ஷாசாவைக் கண்ணால் பார்க்க அதைவிடச் சந்தோஷமான வழி இல்லை. பின்னர் ஆங்கிலேயப் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் இசைத்தட்டு நிறுவனத்தோடு தொடர்பு ஏற்பட்டது. 'லெ வொயாஜர்' 1992-இலும், ஸ்டீஃபன் ஹேக் தயாரித்த 'எமோஷன்' 1995-இலும், 'மோலொகாய்' 1998-இலும் வந்தன. 1993-இல் கேப்ரியலின் உலகச் சுற்றுப்பயணத்தில் அவரும் பாடினார்.

உங்கள் குழப்பத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அதே தொண்ணூறுகளில் வீவா லா மூசிக்கா நிற்கவில்லை. ஐரோப்பிய விழா மேடைகளுக்கு ஒரு குழு, காங்கோ ரசிகர்களுக்கு வீவா என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்தினார். 'எமோஷன்' வருவதற்கு முந்தைய வருடம்தான் வீவாவோடு 'ஃபோரிடோல்' வந்தது. ஒன்றில் பாட்டு நான்கைந்து நிமிடத்தில் முடியும், செபென் அநேகமாக இருக்காது, தயாரிப்பு வழவழப்பாக இருக்கும், அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கின் பாட்டு ஒன்றைக்கூட எடுத்துப் பாடியிருப்பார். மற்றதில் இருபது பேர், செபென், கத்தல், பெயர்கள், எல்லாம் உண்டு. தன்னை விற்றுக்கொண்டவர் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டிருப்பார். இவர் கைவிடவில்லை. ஐரோப்பாவில் வந்த பேரும் பணமும் வீவாவை ஓட்ட உதவின, வீவாவின் பேர் அவருக்குக் கின்ஷாசாவில் சிம்மாசனத்தைக் காத்தது.

தரத்தைப் பற்றி என் சொந்தக் கருத்து: 'எமோஷன்' அழகான ஆல்பம், அதில் வாத்தியங்கள் ஒதுங்கிக் குரல் மட்டும் நிற்கும் 'அவா யொகேயி' அவர் பாடியவற்றிலேயே உச்சம் என்பேன். ஆனால் ஆட்டப் பாட்டுகளில் டிரம்ஸைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். கின்ஷாசா டிரம்மர் கொஞ்சம் முன்னே சாய்ந்து வாசிப்பார், அந்தச் சாய்வு அதில் இல்லை. 'மோலொகாய்' பழைய பாடல்களை ஸ்டுடியோவிலேயே நேரடியாக வாசித்துப் பதிந்தது, அதனால் மூச்சு இருக்கிறது. இரண்டு உலகங்களுக்கும் நடுவில் நிற்கும் ஆல்பம் என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன்.

இனி வழக்கு. நீதிமன்றத்தில் உறுதியானதை மட்டும் முதலில் சொல்கிறேன். 2003 பிப்ரவரியில் பிரான்ஸில் கைது செய்யப்பட்டார். குழு உறுப்பினர்கள் என்று காட்டி, இசையோடு சம்பந்தமில்லாதவர்களுக்கு விசா வாங்கி ஐரோப்பாவுக்குள் கொண்டுவந்தார் என்பது குற்றச்சாட்டு. மூன்று மாதத்துக்கு மேல் ஃப்ளூரி-மெரோஜி சிறையில் இருந்து, ஜூனில் ஜாமீனில் வந்தார். 2004-இல் பொபினி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. 30 மாதச் சிறை, அதில் பெரும்பகுதி நிறுத்திவைப்பு, 10,000 யூரோ அபராதம். 2012-இல் பெல்ஜியத்திலும் இதே வகை வழக்கில் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது. ஆக, பொய்க் குற்றச்சாட்டு என்று ரசிகர்கள் சொல்வது செல்லாது.

தலைக்கு இவ்வளவு யூரோ வாங்கினார் என்று அப்போது செய்திகளில் வந்த தொகைகளை இதே உறுதியோடு சொல்ல முடியாது, அதனால் அவற்றை இங்கே எழுதவில்லை. அவர் தரப்பு, கஷ்டப்படும் நாட்டுப் பையன்களுக்கு உதவினோம் என்றது. இந்த வழக்கம் அவரோடு தொடங்கியதும் இல்லை, அவரோடு முடிந்ததும் இல்லை. வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் என்றால் நாற்பது பேர் பட்டியல் போவதும், திரும்பும்போது ஆள் குறைவதும் அந்தக் குழுக்களைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. குழுத் தலைவனிடம் விசா கேட்டு வருகிறவன் பெரும்பாலும் அதே தெருக்காரன், அல்லது பாட்டில் பெயர் கத்த வைத்தவனின் தம்பி. இது அவர் செய்ததை நியாயப்படுத்தாது, காசு கைமாறியிருந்தால் இன்னும் கஷ்டம். ஆனால் எங்கிருந்தோ வந்த ஒரு குற்றக் கும்பல் வேலையாக இதைப் பார்த்தால் அந்த உலகம் பிடிபடாது. சிறையில் தனக்கு ஆன்மிக மாற்றம் நடந்தது என்று வெளியே வந்ததும் சொன்னார், அதைப் பாட்டாகவும் ஆக்கினார். எவ்வளவு நம்புவது என்பது உங்கள் விருப்பம்.

அதற்குப் பிறகும் பதின்மூன்று வருடத்துக்குக் கிட்டப் பாடினார், ஆனால் பழைய வேகம் இல்லை. அன்றைய அதிபர் ஜோசப் கபிலாவின் ஆட்சிக்கு நெருக்கமானவர்கள் என்று சொல்லிக் கின்ஷாசா இசைக்காரர்களின் கச்சேரிகளைப் பாரிஸிலும் பிரஸ்ஸல்ஸிலும் புலம்பெயர் காங்கோ எதிர்ப்பாளர்கள் நடத்தவிடாமல் செய்த காலம் அது. ஐரோப்பியக் கதவு அவரைப் போன்றவர்களுக்குப் பாதி சாத்தப்பட்டது.

2016 ஏப்ரல் 24 விடியற்காலை, ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் நடந்த ஃபெமுவா விழாவில் பாடிக்கொண்டிருந்தபோதே மேடையில் சரிந்து இறந்தார். 66 வயது. ஒளிபரப்பில் பலர் நேரடியாகப் பார்த்தார்கள். மைக்கில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று கின்ஷாசாவில் கிளம்பிய வதந்தி உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். அதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. உடலைக் கின்ஷாசாவுக்குக் கொண்டுவந்து நாடாளுமன்றக் கட்டடமான மக்கள் மாளிகையில் அரசு மரியாதையோடு வைத்தார்கள். உடுப்புப் பிரியர்கள் தங்களிடம் இருந்ததிலேயே சிறந்ததைப் போட்டுக்கொண்டு வந்து வழியனுப்பினார்கள். காங்கோ ரும்பா 2021 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. 'எமோஷன்' பிடித்தவருக்கு நான் சொல்லும் வரிசை: அடுத்து 'மோலொகாய்', அப்புறம் 'லெ வொயாஜர்' ஆல்பத்தில் உள்ள 'மரியா வலென்சியா'. அதில் குரலும் கிட்டாரும் சமபலத்தில் இருக்கும். அதற்குப் பிறகுதான் 'அமஸோன்', 'மேர் சுப்பீரியர்' என்று எழுபதுகளுக்குப் போங்கள். தொண்ணூறுகளின் வீவா கடைசியில் இருக்கட்டும். யூட்யூபில் தேடும்போது ஒரு எச்சரிக்கை: ஸைக்கோ, இஸிஃபி, யோக்கா காலத்துப் பாடல்கள் எல்லாமே அவர் பெயரில் ஏற்றப்பட்டிருக்கும், பலவற்றில் அவர் முன்வரிசையின் ஒரு குரல் மட்டுமே. பாட்டை எழுதியவர் வேறொருவராக இருப்பார். செபென் வந்ததும் குரலைத் தேடாதீர்கள். ஹெட்ஃபோனில் இடது பக்கக் கிட்டாரை மட்டும் முதல் தடவை பின்தொடருங்கள், இரண்டாம் தடவை வலது பக்கத்தை. அப்போதும் அலுத்தால், விட்டுவிட்டு 'அவா யொகேயி'க்குத் திரும்பிப் போங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.